விமானியின் போர்க்கோலம்

உடையும் சான்று கூறும். சிலபோது பொய்ச்சான்றும் கூறும். யோசேப்பின் சகோதரர் அவன் பலவருண அங்கியை வெள்ளாட்டுக் கடாவின் இரத்தத்தில் தோய்த்துத் தந்தையினிடம் அனுப்பினர். அதனைக் கண்ட யாக்கோபு, மகனைக் கொடிய மிருகம் கொன்றது என்று துணிந்து பல நாள் புலம்பினான். அங்கி மெய், அதிலிருந்த இரத்தமும் மெய், இரண்டுஞ் சேர்ந்து கூறிய செய்தியோ பொய். ஞாயிறு பாடசாலையிற் கேட்ட நாள் முதலாக இவ்வரலாற்றை அறிந்திருந்தும், உடையானது கண்டாரை எவ்வளவு எளிதில் ஏமாற்றும் என்பதை யான் சென்ற ஆண்டிலேதான் உணர்ந்தேன். உணர்த்தியது ஐந்தரைச் சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பாவை.

விடுமுறை நாட்களில் ஆகாய விமானங்களின் சிற்றுருக்களைச் செய்தல் என் வழக்கம். சென்ற ஆண்டு, இரண்டாம் உலகப் போரிற் பெயர்பெற்ற ஸ்பிட்ஃபயர் விமானம் ஒன்றை, மெய்யளவில் 32-இல் ஒரு பங்காகச் செய்து முடித்தேன். விமானம் மட்டும் தனித்து நிற்பது ஆளில்லாத வீடுபோல் தோன்றிற்று. ஆகவே அதன் இறக்கையருகே நிற்குமாறு விமானி ஒருவனையும் பசைமண்ணால் வனைந்து, வண்ணந் தீட்டி நிறுத்தினேன். தோலாலான தலையுறை, மஞ்சள் நிற மிதவைச்சட்டை, கணைக்கால் மறைக்கும் காலணி எல்லாம் குறைவின்றி அமைந்தன என்றே எண்ணினேன். விடுதி நாளன்று அதனைக் காட்சிக்கு வைத்தேன், நண்பர்கள் புகழ்ந்தனர். அன்று வந்திருந்தோருள் விமானப் படையிற் பொறிவினைஞராயிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் நெடுநேரம் குனிந்து நோக்கிவிட்டு, "தம்பி, இவர் எந்த ஆண்டில் நிற்கிறார்?" என்று வினவினார்.

"1940, ஐயா. பிரிட்டன் வான்போர்" என்றேன்.

அவர் நகைத்து, "விமானம் 1940-இல்தான் நிற்கிறது. தலை 1941-க்குப் போய்விட்டது. கால் 1943-இல் இருக்கிறது. பாவம், இவரை ஏதாவது ஓர் ஆண்டில் நிற்கவிடு, தம்பி" என்றார்.

எனக்கு நாணமாயிற்று. அப்பெரியவர் வினாவுக்கு நேரிய விடை தேடியதன் பயனே இக்கட்டுரை. பாவை செய்யும் விருப்பமில்லாத நண்பர்களும் இதனைப் படித்தல் தகும் என்று கருதுகிறேன். ஒரு பொருள் எக்காலத்தது என்று துணிதற்கு வேண்டும் முறை, ஏட்டுச்சுவடிக்கும் தோற்சட்டைக்கும் ஏறக்குறைய ஒன்றேயாம்.

கோலமும் காலமும்

வீரன் பூண்ட கோலத்தைக் கொண்டே அவன் எச்செயலில் ஈடுபட்டான் என்பதை அறியலாம் என்னும் கருத்து தமிழ் பயில்வார்க்குப் புதியதன்று. வெட்சி சூடினோன் ஆநிரை கவரச் சென்றவன். கரந்தை சூடினோன் அதனை மீட்கச் சென்றவன். தும்பை சூடினோன் எதிர்நின்று பொருதவன். வாகை சூடினோன் வென்றவன். இவற்றை மாற்றிச் சூட்டினால் திணையே மாறிவிடும். நிரை கவரப் புறப்படுவோன் தலையில் வாகையைச் சூட்டிப் பாடும் புலவன், நிகழாத வெற்றியை நிகழ்ந்ததாகக் கூறியவனாவான். யான் செய்த பிழையும் அதுவே. 1940-ஆம் ஆண்டு விமானியின் காலில் 1943-ஆம் ஆண்டுக் காலணியை மாட்டியதனால், அவர் பெறாத ஒன்றைப் பெற்றவராகக் காட்டினேன். அஃது எத்துணைப் பெரிய பிழை என்பது பின்னர் விளங்கும்.

முதலில் அளவைப்பற்றி ஒரு சொல். 175 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 32-இல் ஒரு பங்காகச் சுருங்கினால் ஏறக்குறைய 55 மில்லிமீட்டர் உயரமாவார். 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள தோல், மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கினும் சிறிது குறைந்துவிடும். பொத்தான் ஓர் ஊசிமுனைப் புள்ளியாகும். இவ்வளவு நுண்ணிய பாவையில் பிழையை யார் காண்பர் என்று தோன்றலாம். ஆனால் தையலின் நுணுக்கம் மறைந்துவிடும் அளவிலும், உடையின் வடிவும் நிறமும் மறைவதில்லை. காலத்தைக் காட்டுவன அவ்விரண்டுமே.

வானத்துக் குளிர்

விமானி ஏன் வேறு உடை உடுக்கவேண்டும்? முதற்காரணம் குளிர். நிலத்தினின்று 1,000 அடி மேலேறுந்தோறும் வெப்பம் ஏறக்குறைய 2 பாகை சென்டிகிரேடு குறைகின்றது. ஆகவே நிலத்திற் கோடைகாலமாயினும், 30,000 அடி உயரத்தில் நீர் உறையும் நிலைக்கும் 40 பாகை கீழே குளிர் நிற்றல் இயல்பு. காற்றும் மெலிந்துபோவதால், 10,000 அடிக்கு மேல் நெடுநேரம் பறப்போர்க்குப் பிராணவாயுவைக் குழாய் வழியே ஊட்டவேண்டும். ஊட்டாவிடின் அறிவு மயங்கும்.

முதல் உலகப் போரில் விமானியிருக்கை திறந்த வெளியாயிருந்தது. 1917-ஆம் ஆண்டில், பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பிரிவிற் பணியாற்றிய ஆஸ்திரேலியர் சிட்னி காட்டன் என்பார், எண்ணெயும் மசகும் ஊறிய வேலையுடையோடு எஞ்சினைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தபொழுது திடீரெனப் பறக்க நேரிட்டது. திரும்பி வந்தபின், உடன் பறந்த பிறர் குளிரால் விறைத்திருக்கத் தமக்கு மட்டும் அவ்வாறில்லை என்பதை அவர் கண்டார். ஆடையிலூறிய எண்ணெய் காற்றை உட்புகவிடாமல் தடுத்ததே காரணம் என்று உணர்ந்து, உள்ளே மென்மயிர், நடுவே காற்றுப் புகாத பட்டு, புறத்தே நெருங்க நெய்த துணி என மூவடுக்கான ஒரு முழுவுடையை வகுத்தார். அவர் பெயரின் முற்பகுதிகளைச் சேர்த்துச் 'சிட்காட்' என்று அதனை அழைத்தனர். இரண்டாம் உலகப் போரிலும் அதன் வழிவந்த உடைகள் வழங்கின.

அடுத்து வந்தது இர்வின் சட்டை. வேண்டியபொழுது கயிற்றை இழுத்து விரிக்கும் பாரசூட்டோடு 1919-இல் விமானத்திலிருந்து குதித்துக் காட்டிய அமெரிக்கர் லெஸ்லி இர்வின் என்பார், 1926-இல் இங்கிலாந்தின் லெச்வொர்த் நகரில் பாரசூட் தொழிற்சாலை நிறுவினார். அவர் நிறுவனம் 1930-களில் செம்மறித்தோலாற் சட்டை தைத்தது. கம்பளிமயிர் உட்புறமாகவும் தோல் வெளிப்புறமாகவும் அமைந்த அச்சட்டையே விமானியின் அடையாளமாக இன்று பலர் மனத்திற் பதிந்துள்ளது. அவருடைய பாரசூட்டால் உயிர்தப்பியோர்க்குப் பட்டுப்புழு வடிவில் ஒரு சிறு பொன்னூசி அளிக்கப்பட்டது. பாரசூட் பட்டினால் ஆயதன்றோ? அதனாலே அவ்வடையாளம்.

1940-ஆம் ஆண்டுக் கோடையின் விமானி

இனி என் பாவை நிற்கவேண்டிய காலத்துக்கு வருவோம். பிரிட்டன் வான்போர் என்று வழங்குவது 1940 ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை நிகழ்ந்தது. பிரிட்டிஷ் தரப்பிற் பறந்தோர் 2,900-க்கு மேற்பட்டோர். அவருள் 544 பேர் அப்போரிலேயே மாண்டனர். போலந்து நாட்டினர் மட்டும் 145 பேர் இருந்தனர். ஆகவே 'விமானி' என்று பொதுவாகச் சொன்னாலும், அவர் எந்நாட்டார், எப்பதவியினர், எம்மாதத்தவர் என்பனவற்றைப் பொறுத்துக் கோலம் வேறுபடும்.

போர்விமானம் ஓட்டியோர் அக்கோடையில் பெரும்பாலும் சிட்காட் முழுவுடை அணிந்தாரல்லர். விமானத்தருகே வெயிலிற் புல்தரையிற் காத்திருந்து, மணி ஒலித்ததும் ஓடிப் பாய்ந்தேறவேண்டிய நிலைமையில், தடித்த ஆடை இடையூறாகும். சாம்பல் கலந்த நீலநிறச் சீருடை, அதன்மேல் மிதவைச்சட்டை, காலில் கம்பளி வைத்த காலணி, இவ்வளவே பலர் கோலம். குளிர் மிக்க நாளில் இர்வின் சட்டை சேரும். போர்விமானிகள் சீருடையின் மேற்பொத்தானைப் பூட்டாது விடுதலை ஒரு பெருமையாகக் கொண்டிருந்தனர். கழுத்திற் பட்டுத்துணி சுற்றியதை வெறும் அலங்காரம் என்று யான் முன்னர் நினைத்திருந்தேன். அவ்வாறன்று. பின்னாலிருந்து பகைவன் வருகின்றானா என்று இடையறாது தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர்க்கு, விறைத்த கழுத்துப்பட்டை தோலை உராய்ந்து புண்ணாக்கும். புண்ணாகாமற் காத்ததே அப்பட்டு.

சீருடையிலும் வேற்றுமை உண்டு. அதிகாரியின் துணி மென்மையானது. பதவிக்குரிய பட்டைகள் மணிக்கட்டருகே வளையமாக ஓடும். ஸார்ஜெண்டின் துணி முரடானது. மேற்கையில் மூன்று கோணக்கோடுகள் இருக்கும். இருவர்க்கும் இடமார்புப் பைக்கு மேலே சிறகுக்குறி உண்டு. அவ்வான்போரில் ஸார்ஜெண்டுகள் பலர் பறந்தனர் என்பதைப் பாவை செய்வோர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். யானும் மறந்தேன்.

தலையுறையில் நிகழ்ந்ததே என் முதற்பெரும் பிழை. 1940-இல் வழங்கியது 'பி' வகை எனப்படும் பழுப்புத் தோலுறை. காதொலிக் கருவியை உள்ளடக்கிய வட்டமான தடித்த பகுதிகள் இருபுறமும் புடைத்திருக்கும். அவற்றைச் சுற்றி ஜிப் ஓடும். 1941-இல் வந்த 'சி' வகையில் அவை நீங்கி, ரப்பரில் வார்த்த சிறு கிண்ணங்கள் அமைந்தன. யான் செய்தது சிறு கிண்ணம். பிராணவாயு முகமூடியும் 1940-இல் துணியாலாயது. ரப்பர் முகமூடிகள் பின்னாளில் வந்தன.

இங்கே மற்றொன்றும் கவனித்தற்குரியது. தலையுறையோடு காதொலிக் கருவியின் கம்பியும் பிராணவாயுக் குழாயும் இணைந்திருந்தமையால், பலர் அதனை விமானத்துக்குள்ளேயே மாட்டிவைத்துவிட்டு வெறுந்தலையராய்க் காத்திருந்தனர். பாரசூட்டையும் இருக்கையிலோ இறக்கைமேலோ வைத்துவிடுவதுண்டு. அப்பாரசூட் பொதி, விமானி அமரும் மெத்தையாகவும் பயன்பட்டது; அதனைக் கட்டிக்கொண்டு நடப்பவரின் தொடைகளின் பின்னே அது தொங்கி இடிக்கும். ஆகவே தரையில் ஓய்வாக நிற்கும் விமானிக்குத் தலையுறை, முகமூடி, பாரசூட் எல்லாவற்றையும் ஒருங்கே பூட்டிவிடுதல், உண்ண அமர்ந்தவன் கையிற் குடையைப் பிடிப்பித்தல் போலாம்.

நிழற்படமும் பாடபேதமும்

இவற்றை எவ்வாறு அறிந்தேன் என்று வினவலாம். அருங்காட்சியகங்களிற் காக்கப்பெறும் உடைகளின் படங்களும், போர்க்காலத்து நிழற்படங்களும் இன்று இருந்த இடத்திலிருந்தே காணக் கிடைக்கின்றன. ஆயினும் கிடைத்தவற்றை அப்படியே நம்புதல் ஆகாது. டாக்டர் உ. வே. சாமிநாத ஐயர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்குமுன் பல சுவடிகளைத் தேடித் தொகுத்து ஒப்புநோக்கினார் என்பதை நாம் அறிவோம். ஒரு சுவடி மட்டும் கூறும் பாடத்தை உடனே கொள்ளாமல், பிற சுவடிகளும் உரையும் இடமும் அதற்கு இயைகின்றனவா என்று ஆராய்தல் பதிப்பாசிரியர் கடன். நிழற்படத்துக்கும் இவ்விதி பொருந்தும்.

கருப்பு வெள்ளைப் படத்தில் நிறமில்லை. நிறத்தின் நிழலே உண்டு. அந்நிழலும் எப்போதும் ஒரே முறையில் விழுவதில்லை. அக்காலத்து நிழற்படச் சுருள்களுள் ஒருவகை, நீலத்தையும் பச்சையையும் உணரும், செந்நிறத்தை உணராது. அச்சுருளில் நீலம் வெளிறித் தோன்றும். சிவப்பும் மஞ்சளும் இருண்டு தோன்றும். எனவே கருத்துத் தோன்றும் மிதவைச்சட்டை மெய்யாகவே கருநிறத்ததா, மஞ்சளா என்று படத்தை மட்டும் கண்டு கூறவியலாது.

பின் எவ்வாறு துணிவது? அப்படத்திலேயே நிறம் அறியப்பட்ட வேறொரு பொருளைத் தேடவேண்டும். 1940-ஆம் ஆண்டுக் கோடையில் பிரிட்டிஷ் விமானங்களின் உடற்பக்கத்தில் வட்டச்சின்னம் இருந்தது. அதன் நடுவே சிவப்பு, அடுத்து வெள்ளை, அடுத்து நீலம், எல்லாவற்றுக்கும் புறத்தே மஞ்சள் வளையம். அவ்வளையம் படத்தில் இருண்டிருந்தால், இருண்ட சட்டையும் மஞ்சளாயிருக்கக்கூடும். வளையம் வெளுத்திருக்கச் சட்டை மட்டும் இருண்டிருப்பின், சட்டை மஞ்சளன்று. தெரிந்ததைக்கொண்டு தெரியாததை அளக்கும் இம்முறை எனக்கு மிக்க இன்பந் தந்தது.

ஒரு படம் ஒருவர்க்கே சான்று என்பதையும் கற்றேன். 1940 ஜூலையில் ஹாக்கிஞ்ச் விமானத்தளத்தில் 32-ஆம் படைப்பிரிவின் விமானிகள் ஹரிக்கேன் விமானத்தின் முன்னே புல்தரையில் ஓய்ந்திருக்கும் படங்கள் புகழ்வாய்ந்தவை. அவற்றை ஊன்றி நோக்கின், ஒருவர் உடுத்தியவாறே மற்றவர் உடுத்தவில்லை என்பது புலனாகும். ஒரே நாள், ஒரே இடம், ஒரே படைப்பிரிவு. ஆயினும் கோலம் பல. 'அக்காலத்தார் இதனையே அணிந்தனர்' என்று கூறுதற்கு முன் நாம் சிறிது தயங்கவேண்டும்.

உடை மாறிய காரணம்

இவ்வளவும் ஆராய்ந்தபின்னரும், ஆண்டுதோறும் உடை ஏன் மாறிற்று என்னும் வினா எஞ்சிநின்றது. அதற்கு விடை காணுங்கால்தான், விளையாட்டாகத் தொடங்கிய இவ்வாராய்ச்சி என்னைத் துயரத்துக்கு உள்ளாக்கியது. மூன்று பொருள்களை மட்டும் கூறுவேன்.

முதலாவது, மிதவைச்சட்டையின் மஞ்சள் நிறம். 1932-ஆம் ஆண்டு முறைப்படி தைத்த சட்டை காக்கி கலந்த பச்சை நிறத்தது. வாயினால் ஊதி அதனை நிரப்பவேண்டும். மார்புபுடைத்த அதன் தோற்றங் கருதி, அமெரிக்க நடிகை ஒருவர் பெயரால் 'மே வெஸ்ட்' என்று விமானிகள் நகைச்சுவையாக அழைத்தனர். வான்போர் ஆங்கிலக் கால்வாயின் மீது நிகழ்ந்தபோது, கடலில் வீழ்ந்தோர் பலர். அலைநடுவே பச்சை கலந்த சட்டை அணிந்த ஒரு தலையைத் தேடிக் காணுதல் அரிது. ஜெர்மானியரிடம் மீட்புக்கென நீர்விமானங்களும், நீரிற் கரைந்து ஒளிரும் சாயமும், ஒருவர் ஏறும் ரப்பர்த் தோணியும் இருந்தன. பிரிட்டிஷார்க்கு வான்கடல் மீட்புத் தனித்துறையாக அமைந்தது 1941-லேதான். அதற்குமுன் விமானிகள் தாமே வண்ணக்கலமும் தூரிகையும் எடுத்துத் தம் சட்டைகளுக்கு மஞ்சள் பூசிக்கொண்டனர். நெய்யும்போதே மஞ்சளாகவும், அடைத்த வாயுவால் தானே ஊதிக்கொள்வதாகவும் உள்ள சட்டை 1941-ஆம் ஆண்டு முறையாக வந்தது. என் பாவைக்கு யான் பூசியிருந்த ஒழுங்கான, ஒரே சீரான மஞ்சள், பிற்காலத்துத் தொழிற்சாலையின் மஞ்சள். 1940-இன் மஞ்சளோ, கடலைக்கண்டு அஞ்சியவர் தம் கையாற் பூசியது.

இரண்டாவது, கையுறை. பட்டு, கம்பளி, தோல் என மூன்று கையுறைகளை ஒன்றன்மேலொன்றாக அணிதல் முறை. ஆயினும் விசைகளின் நுண்ணுணர்வு கைக்கு எட்டாது என்று பலர் அதனை விரும்பவில்லை. கண்காப்புக் கண்ணாடியையும் பார்வைக்குத் தடை என்று நெற்றிக்கு ஏற்றிவிட்டனர். ஸ்பிட்ஃபயரில் 85 காலன் பெட்ரோல் விமானியின் முன்னேதான் இருந்தது. தீப்பற்றினால் சில நொடிகளில் முகமும் கையும் வெந்துபோகும். ரிச்சர்ட் ஹில்லரி என்னும் இளம் விமானி 1940 செப்டம்பர் 3-ஆம் நாள் சுடப்பட்டு, முகமும் கைகளும் தீய்ந்து கடலில் வீழ்ந்தார். மார்கேட் உயிர்காப்புப் படகினர் அவரை மீட்டனர். அவர் 1942-இல் வெளியிட்ட நூலுக்குக் 'கடைசிச் சத்துரு' என்று பொருள்படும் பெயர் சூட்டினார். அஃது அப்போஸ்தலர் பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தின் 15-ஆம் அதிகாரத்தினின்று எடுத்தது. 1943 ஜனவரியில் மற்றொரு விமான விபத்தில் அவர் இறந்தார்.

ஹில்லரி போன்றோர்க்குச் சிகிச்சை செய்தவர் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ என்னும் நியூசிலாந்து அறுவை மருத்துவர். கடலில் வீழ்ந்தோரின் தீப்புண் பிறர் புண்ணினும் நன்கு ஆறுவதைக் கண்டு, உப்புநீர்க் குளியலை அவர் மேற்கொண்டார். ஈஸ்ட் கிரின்ஸ்டெட் நகரில் அவரிடம் சிகிச்சை பெற்றோர் 1941-இல் அமைத்த சங்கத்தில், போர் முடியுங்கால் 649 பேர் இருந்தனர். மெக்கிண்டோவின் செயல்களுள் ஒன்று என் பொருளுக்கு மிக இயைந்தது. நோயுற்ற போர்வீரர் மருத்துவமனையில் தனி நீலவுடை அணிதல் அந்நாளைய விதி. அவர் அதனை விலக்கி, தம் நோயாளர் தத்தம் விமானப்படைச் சீருடையையே உடுக்கவிட்டார். முகம் இழந்தோர்க்குத் தாம் இன்னார் என்று சொல்லிக்கொள்ள எஞ்சியது அச்சீருடை. அதன் அருமை அம்மருத்துவர்க்குத் தெரிந்திருந்தது.

மூன்றாவது, காலணி. 1936-ஆம் ஆண்டு முறைக் காலணி கருந்தோலாலாயது. உள்ளே கம்பளிமயிர் உடையது. பின்னர் 1939, 1940, 1941-ஆம் ஆண்டுகளின் முறைகள் வந்தன. பகைநாட்டில் இறங்கி மறைந்து நடக்கும் விமானியை, உயர்ந்த அக்காலணி காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே கிளேட்டன் ஹட்டன் என்பார், தப்புவோர்க்கு உதவும் பிரிட்டிஷ் பிரிவினிடமிருந்து, வேறொன்றை வகுத்தார். அஃது 1943-ஆம் ஆண்டு முறை எனப்படும். அதன் மேற்பகுதியை, காலணிக்குள்ளேயே ஒளித்த சிறு கத்தியால் அறுத்தெறிந்தால், எஞ்சுவது ஊரார் அணியும் சாதாரணக் கருஞ்செருப்பு. பட்டுத்துணியில் அச்சிட்ட தேசப்படமும், பொத்தானுக்குள் ஒளித்த திசைகாட்டியும் இவர் போன்றோர் முயற்சியே. அப்பொத்தானின் திருகு பின்னர் எதிர்ப்புறமாக அமைக்கப்பட்டது. திறக்க முயலும் பகைவர் அதனை மேலும் இறுக்குவரன்றோ?

யான் என் பாவைக்கு அணிவித்தது இக்காலணியே. வடிவழகு நோக்கித் தேர்ந்தேன். ஆனால் 1940-இல் நின்றவர்க்குத் தப்பியோட இத்தகைய காலணி இல்லை. உயர்ந்த காலணியோடே பிடிபட்டார். அல்லது கிழித்து, நொண்டி நடந்தார். இடைப்பட்ட மூன்றாண்டுகளில் எத்தனையோ பேர் அகப்பட்டதன் பின்னரே அக்காலணி பிறந்தது. அதனை 1940-ஆம் ஆண்டு விமானியின் காலில் மாட்டுதல், அவர் பட்ட இன்னலை அவர் கணக்கினின்று அழிப்பதாகும். ஒவ்வொரு புதிய முறைக்கும் பின்னே, பழைய முறையால் இழப்புற்ற ஒருவர் நிற்கிறார். இதுவே யான் இவ்வாராய்ச்சியிற் கண்ட உண்மை.

புறனடை

இவ்வாறு விதிகளையெல்லாம் தொகுத்துக்கொண்டு, இனிப் பிழையே நேராது என்று இறுமாந்திருந்த வேளையில், மகிந்தர் சிங் புஜ்ஜி என்பார் வரலாறு கண்ணிற்பட்டது. 1918-இல் சிம்லாவிற் பிறந்த இவர், 1940-இல் இந்தியாவினின்று பிரிட்டனுக்குச் சென்ற 24 விமானிகளுள் ஒருவர். 1941-இல் 43-ஆம் படைப்பிரிவிலும் 258-ஆம் படைப்பிரிவிலும் ஹரிக்கேன் விமானம் ஓட்டினார். சீக்கியராதலின் தலைப்பாகையைக் களைய அவர் இசையவில்லை. தோலுறையை மறுத்து, தலைப்பாகையின் மேலேயே காதொலிக் கருவி நிற்குமாறு தனிப்பட்டை ஒன்று செய்வித்துக்கொண்டார். மாற்றுத் தலைப்பாகை ஒன்றையும் உடன் கொண்டு பறந்தார். ஒருகால் விமானம் அடிபட்டு டோவர் அருகே தரையில் மோதியபொழுது, தலைப்பாகையின் தடிப்பே தம் தலையைக் காத்தது என்று அவர் பின்னர்க் கூறினார். 1945-இல் பர்மாப் போரில் அவர் ஆற்றிய பணிக்காகச் சிறப்புப் பறப்புச் சிலுவை என்னும் பதக்கம் பெற்றார், 2010-இல் மறைந்தார். 2014-இல் இங்கிலாந்தின் கிரேவ்ஸெண்ட் நகரில் அவருக்குச் சிலை எழுப்பினர்.

யான் தொகுத்த விதிகளின்படி அவருக்குப் பாவை செய்திருந்தால், ஆண்டுக்கு உரிய தோலுறையைப் பிழையின்றி அமைத்து, மனிதரைப் பிழைபடச் செய்திருப்பேன். இலக்கண நூலார் சூத்திரங்களையெல்லாம் வகுத்தபின் இறுதியிற் புறனடை ஒன்றை வைப்பதன் காரணம் அன்று எனக்குப் புலனாயிற்று. விதி பலரைப் பற்றியது, பாவையோ ஒருவர்.

சென்ற விடுமுறையில் இரண்டாம் பாவையைச் செய்து முடித்தேன். அவர் 1940 ஆகஸ்டு மாதத்து ஸார்ஜெண்ட். மேற்கையில் மூன்று கோடுகள். காலில் 1936-ஆம் ஆண்டுக் கருங்காலணி. தலை வெறுந்தலை, தலையுறை விமானத்துக்குள்ளே தொங்குகின்றது. மிதவைச்சட்டையின் மேல் மஞ்சளைச் சீராகப் பூசாமல், தையலோரங்களில் பழைய காக்கிப் பச்சை தெரியுமாறு விட்டிருக்கிறேன். ஒரு முடிமட்டுமுள்ள தூரிகையால் அதனைத் தீட்டும்பொழுது, எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தம் சட்டையை மடிமேல் விரித்துவைத்து, கடலினின்று தம்மை யாரேனும் காணவேண்டும் என்று எண்ணியவாறு பூசியிருப்பாரே என்னும் நினைவு வந்தது. சிறிது நேரம் தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன்.

பழைய பாவையை யான் எறிந்துவிடவில்லை. அதனையும் அருகிலேயே நிறுத்தி, அடியில் 'பிழைபட்ட பாடம்' என்று எழுதியிருக்கிறேன். இவ்வாண்டு விடுதி நாளுக்கு அப்பெரியவர் மீண்டும் வருவாராயின், இரண்டையும் அவர்க்குக் காட்டுவேன். இரண்டாம் பாவையிலும் அவர் ஏதேனும் ஒரு குறை காண்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை.